துக்க வருஷத்துப் பீச் பழம்

பிப்ரவரி 7

நான் மருமகளைத் துரத்தவில்லை. மீன் கடையில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்களாம். என் கணவரின் தங்கை யாசுயோ இதைச் சொல்வதற்கென்றே ட்ராம் பிடித்து, கல்படிகளை ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள்.

துரத்துவதென்றால் கத்த வேண்டும். சாமானைத் தூக்கி வெளியே போட வேண்டும். நான் குரலையே உயர்த்தவில்லை. டாக்சிக்குப் போன் செய்தேன். கைக்குழந்தையோடு அந்தக் குளிரில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம் என்றுதான். டாக்சி எங்கள் படிகளில் ஏறாது. பையை எங்கள் பலகாரக் கடையில் வேலை பார்க்கும் மொரியுச்சி கீழே கொண்டுபோய் வைத்தார். நான் வாசலில் நின்றேன். குழந்தையின் தொப்பி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. சரி செய்யச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்கிறார்களாம்: இறந்துபோன என் மகன் தோருவின் படத்துக்கு முன்னால் மருமகள் மிஹோ வைத்த பிஸ்கட்டை நான் குப்பையில் போட்டேனாம். அதுவும் பொய். அது தேயிலை டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. தாளில் சுற்றித்தான் வைத்தேன்.

பிப்ரவரி 8

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். கன்னியர் மடப் பள்ளியில் சிஸ்டர் மார்த்தா எங்கள் கட்டுரைகளில் ‘வருந்தினேன்’, ‘மகிழ்ந்தேன்’ என்று வரும் இடங்களையெல்லாம் சிவப்பு மையால் அடித்துவிட்டு, ஓரத்தில் ‘என்ன நடந்தது?’ என்று எழுதுவார். இந்த வயதிலும் பேனாவை எடுத்தால் அந்தச் சிவப்பு மைதான் முதலில் கண்ணுக்குத் தெரிகிறது.

நான்காம் தேதி காலை. வசந்தம் பிறந்த நாள். பெண் குழந்தை உள்ள வீடுகளில் பீச் பண்டிகைப் பொம்மைகளை வெளியே எடுத்து வைக்கும் நாள். நான் கடையிலிருந்து வந்தபோது மிஹோ முன்னோர் மாடம் இருக்கும் அறையில் சிவப்புத் துணி விரித்துக்கொண்டிருந்தாள். ஷிமபாராவிலிருந்து அவள் அம்மா அனுப்பிய பொம்மைப் பெட்டி திறந்து கிடந்தது. மாடத்தில் தோருவின் படத்துக்கு முன்னால் ஒரு தட்டு. அவள் கையால் செய்த பழ பிஸ்கட்டுகள்: ஒரு ஸ்ட்ராபெரி, ஒரு ஆரஞ்சு, எங்கள் பக்கத்தில் விளையும் மஞ்சள் பிவாப் பழம் ஒன்று. நடுவில் ரோஜா நிறத்தில் ஒரு பீச்.

“இது என்ன?” என்றேன்.

“கோஹருவுக்கு முதல் பண்டிகை இல்லையா அத்தை. அவங்க அப்பாவுக்குக் காட்டலாமேன்னு.”

“துக்க வீட்டில சிவப்பு விரிக்கிறதில்ல. தலைத்திவசம் முடியட்டும். முதல் பண்டிகைய அடுத்த வருஷம் செஞ்சுக்கலாம். ஊர்ல எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க.”

அவள் துணியின் சுருக்கத்தை நீவிக்கொண்டே சொன்னாள்: “உங்களுக்கு இது மகன் போன வருஷம். அவளுக்கு இது பொறந்த வருஷம். ரெண்டுக்கும் சேத்து ஒரே வருஷத்தத்தான் குடுத்திருக்காங்க. நான் என்னத்தப் பண்றது?”

“முறைன்னு ஒண்ணு இருக்கு” என்றேன். இருக்கிறது. நான் உண்டாக்கியதல்ல. தட்டிலிருந்து பீச்சை மட்டும் சாப்பாட்டுக் குச்சிகளால் எடுத்தேன். பிவாவைத் தொடவில்லை. ஆரஞ்சைத் தொடவில்லை. துக்க காலத்தில் ஆகாத பண்டிகை நிறம் எதில் இருந்ததோ அதை மட்டும்.

அவள் என் குச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு துணியை மடித்தாள். மதியத்துக்குள் பை தயாராகிவிட்டது.

“கொஞ்ச நாள் அம்மா வீட்ல இருந்துட்டு வரேன்.”

கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள்? நான் கேட்டது: “டாக்சி வேணுமா?”

மறுநாள் கூரியர்காரர் வந்து பொம்மைப் பெட்டியை எடுத்துப்போனார்.

பிப்ரவரி 10

இன்று யாரிடமும் பேசவில்லை. மொரியுச்சியிடம் “சர்க்கரை” என்றேன். அதைப் பேச்சில் சேர்ப்பதா?

பிப்ரவரி 13

பீச் காஸ்டெல்லா கேக் ஆர்டர்கள் வந்து குவிகின்றன. பெண் குழந்தை பிறந்த வீடுகளுக்கு உறவும் அக்கம்பக்கமும் பரிசு தந்திருக்கும். தந்தவர்களுக்கெல்லாம் குழந்தையின் பெயரால் பதிலுக்கு ஒரு பீச் போக வேண்டும். நாகசாகியில் மார்ச் மூன்றாம் தேதிப் பண்டிகைவரை எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. காஸ்டெல்லா மாவைப் பீச் அச்சில் ஊற்றிச் சுடுவது மொரியுச்சி. ஆறியதும் சர்க்கரைப் பாகை மேலே வார்த்து, நடுவில் கோடு இழுத்து, சிவப்பு பூசி, பச்சை இலை ஒட்டுவது போன வருஷம்வரை தோருவும் நானும். இப்போது நான் மட்டும். உறைமேல் குழந்தையின் பெயரைத் தூரிகையால் எழுதுவது எப்போதும் நான்தான்.

மொரியுச்சி இன்று தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

“முதலாளியம்மா, இந்த வருஷப் பீச்செல்லாம் காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்ச மாதிரி வெளுத்துப் போய் இருக்கே.”

“பீச் அப்படித்தான் இருக்கும்.”

“மரத்துல அப்படி இருக்கும். பொட்டில இருக்கக் கூடாது.”

“உங்க வேல மாவு. சிவப்பு என் வேல.”

“சரிதான்” என்று அடுப்புப் பக்கம் போய்விட்டார். தோரு வேலையின்போது கட்டும் ஏப்ரன் அங்கே ஆணியில் தொங்குகிறது. எடுக்க வேண்டும் என்று நானும் நினைக்கிறேன், அவரும் நினைக்கிறார். இருவரும் அதைச் சுற்றிக்கொண்டு நடக்கிறோம்.

தோருவும் வருஷா வருஷம் இதையேதான் சொல்வான். “அம்மா, நீ செய்யற பீச் கன்னியாஸ்திரி மாதிரி இருக்கும்மா. கொஞ்சம் வெக்கப்பட விடேன்.” நான் திரும்பியதும் தூரிகையை எடுத்து இன்னொரு பூச்சு பூசிவிடுவான். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

இந்த வருஷம் யாரும் பூசவில்லை.

பிப்ரவரி 15

கடைக் கண்ணாடிப் பெட்டியின் கீழ்த்தட்டு மிஹோவுடையது. கல்யாணமான புதிதில் தோரு அதை அவளுக்கு ஒதுக்கிக் கொடுத்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரிந்திருக்கும், அது வேறு. அரிசி மாவும் சர்க்கரையும் அச்சில் அழுத்திச் செய்த பலகாரங்களும், பயற்றுப் பூரணத்தில் பிடித்த பூக்களும் இருக்கும் பெட்டியில், சிறு பிள்ளை வரைந்த படம் போலப் பளபளவென்று தர்பூசணி பிஸ்கட்.

அந்தத் தட்டு இப்போது காலி. இன்று ஒரு பெண், விளக்குத் திருவிழா பார்க்க வெளியூரிலிருந்து வந்தவள், குனிந்து தேடிவிட்டு, “பாட்டி, அந்தப் பிவா பிஸ்கட் இல்லையா? போன தடவ வாங்கினேன். மேல முடியெல்லாம் இருக்குமே, நெஜப் பழம் மாதிரி” என்றாள்.

“செய்யறவங்க ஊர்ல இல்ல.”

“எப்ப வருவாங்க?”

பெயர் எழுத வேண்டிய மூன்று உறைகள் மேசையில் கிடக்கின்றன என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன்.

கடை சாத்தியதும் நானே செய்து பார்த்தேன். மாவும் வெண்ணெயும் பெரிய வித்தை இல்லை. ஐசிங்தான்—முட்டை வெள்ளையையும் பொடித்த சர்க்கரையையும் அடித்து, கூம்பில் நிரப்பிப் பிழிய வேண்டும். முதலில் ஓரத்தில் கரை கட்டி, அது உறைந்த பிறகு உள்ளே நிரப்ப வேண்டும் போலிருக்கிறது. என்னுடையது கரையைத் தாண்டி வழிந்தது. அடுத்தது இறுகிப்போய், காய்ந்ததும் வெடித்தது. பிவாவின் மெல்லிய முடிக்கு மிஹோ என்ன செய்வாள் என்று யோசித்துக்கொண்டே நின்றேன். அவளைப் பார்த்திருக்கிறேன்: வறுத்த சோயா மாவைச் சின்னச் சல்லடையில் போட்டு, ஐசிங் முக்கால்வாசி காய்ந்த சமயம் பார்த்து, விரலால் ஒரு தட்டு. ஒரே ஒரு தட்டு. நான் தட்டியதில் பழம் புழுதியில் உருண்டது போலாகிவிட்டது.

கெட்டுப்போனதையெல்லாம் நானே தின்றுவிட்டேன். காலையில் மொரியுச்சி பார்த்தால் அவர் வாய் சும்மா இருக்காது.

பிப்ரவரி 18

யாசுயோ மறுபடியும்.

“அண்ணி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“கோவிச்சுப்பேன். சொல்லு.”

“மிஹோ பழைய பேருக்கே மாறிக்கப் போறாளாம். ஹயாஷிதாங்கற அவ அப்பா வீட்டுப் பேருக்கு. நகராட்சி ஆபீஸ்ல எழுதிக் குடுத்தாப் போதுமாம், மாமியாரக் கேக்கவே வேண்டாமாம். அப்புறம் குழந்தைக்கும் அதே பேர்…”

“யார் சொன்னா?”

“பேசிக்கிறாங்க.”

“எங்க?”

“மீன் கடையில.”

“அந்தக் கடையில மீனும் விக்கிறாங்களா?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. தேநீர் கொடுத்து அனுப்பினேன். போகும்போது படியில் நின்று, “ஒரு வார்த்த வான்னு கூப்பிட்டுத்தான் பாருங்களேன் அண்ணி” என்றாள். “நான் போன்னு சொல்லலையே, வான்னு எதுக்குச் சொல்லணும்?” என்றேன்.

கேட்பதற்குச் சரியான பதிலாகத்தான் இருந்தது.

உறைகள் எழுதி முடித்ததும் கழிவுத் தாளில் எழுதிப் பார்த்தேன். இவநாகா கோஹரு. ஹயாஷிதா கோஹரு. உண்மையைச் சொன்னால் இரண்டாவது பெயர்தான் தாளில் நன்றாக உட்காருகிறது. கிழித்துப் போட்டேன்.

தோருவுக்குப் பின் எங்கள் இவநாகா பெயரை எடுத்துச் செல்ல அந்தக் குழந்தை ஒன்றுதான். அவன் முகத்தை அவள் பார்த்ததில்லை. அவள் முகத்தை அவன் பார்த்ததில்லை. மே மாதம் அவன் அடுப்படியில் சரிந்தபோது மிஹோவுக்கு வயிறு லேசாகத்தான் தெரிந்தது. பெண்ணாயிருந்தால் கோஹரு என்று அவன் முன்னமே சொல்லி வைத்திருந்தான். பையனாயிருந்தால் என்ன பெயர் என்று கேட்டதற்கு, “அதுக்கு இன்னும் நேரம் இருக்கும்மா” என்றான்.

இருக்கவில்லை.

பிப்ரவரி 21

தோருவின் நீலக் கோடை அங்கியைப் பிரித்து, உள்ளே பஞ்சு வைத்து, குழந்தைக்கு ஒரு கையில்லாச் சட்டை தைத்தேன். ஷிமபாராவில் மலைக்காற்று. கழுத்துப் பக்கம் இரட்டைத் தையல். பிரித்தால்தான் தெரியும்.

இன்று தபாலில் அனுப்பினேன். கடிதம் வைக்கவில்லை. வைத்தால் வேறு எதையோ கேட்பது போல ஆகிவிடும். சட்டை சட்டைதான்.

பிப்ரவரி 26

மொத்தமாக ஆர்டர் கொடுத்திருந்த ஒரு வீட்டிலிருந்து மாமியாரும் மருமகளும் வந்தார்கள். குழந்தை மருமகளின் முதுகில். வாயில் கைமுஷ்டி. நான் உறையில் எழுதியிருந்த பெயரை மாமியார் குழந்தையிடம் காட்டி, “பாருடி, ஒன் பேரு. பாட்டி எவ்வளவு அழகா எழுதியிருக்காங்க பாரு” என்றாள். குழந்தை உறையைச் சப்பப் பார்த்தது. மருமகள், “அம்மா, அத எட்டத்துல பிடிங்க” என்றாள். “தின்னட்டுமே, அவ பேருதானே” என்றாள் மாமியார். இருவரும் சிரித்தார்கள்.

பிறகு அவள் என்னைப் பார்த்து, “உங்க வீட்லயும் செப்டம்பர்ல பேத்தி பொறந்ததாக் கேள்விப்பட்டேனே! அப்ப இது முதல் பண்டிகை. வாழ்த்துகள்!” என்றாள். அவளுக்கு மற்றது தெரியாது. கெட்ட எண்ணமில்லை.

“நன்றி” என்றேன். வேறென்ன சொல்ல? பெட்டிகளை அடுக்கிக் கட்டிக் கொடுத்தேன். முடிச்சு ஒன்று கோணலாகிவிட்டது. அவிழ்த்துக் கட்டினேன்.

பிப்ரவரி 28

சட்டை போய்ச் சேர்ந்திருக்கும். அளவு சரியாக இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை.

மார்ச் 3

ஊரில் எல்லா வீட்டுக்கும் பீச் போய்ச் சேர்ந்தது. மதியத்துக்குள் பெட்டி காலி. ஒன்றை எடுத்து வைப்பதா என்று கடைசித் தட்டில் கை தயங்கியது. எதற்கு? மாடத்தில் வைக்க முடியாது. சாப்பிட ஆளில்லை. கடைசியாக வந்த கிழவருக்கு விற்றேன்.

மொரியுச்சி கிளம்பும்போது கதவருகில் நின்றார். “முதலாளியம்மா, இன்னிக்கு ஷிமபாராவுக்கு ஒரு போன் போட்டா என்ன?”

“எதுக்கு?”

“இன்னிக்கு என்ன நாளுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?”

“துக்க வீட்டுக்கு இன்னிக்கு ஞாயித்துக்கிழம. அவ்வளவுதான்.”

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.

போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பாத்திரங்களைத் துடைத்தேன். ஏன் அங்கே போய் உட்கார வேண்டும்? வெளிச்சம் அங்கே நன்றாக இருக்கிறது.

மார்ச் 4

பண்டிகை முடிந்ததும் பொம்மைகளை உடனே எடுத்து வைத்துவிட வேண்டும். தாமதித்தால் பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகும். மிஹோ இதிலெல்லாம் அலட்சியம். சம்பந்தியம்மா நினைவுபடுத்தியிருப்பார்கள்.

மார்ச் 6

பார்சல் வந்தது. ஷிமபாரா முத்திரை.

மேல் தாளைப் பிரித்தேன். உள்ளே ஒரு வெள்ளைப் பெட்டி, அதன்மேல் சிவப்பு வெள்ளை முடிச்சு போட்ட உறைத்தாள். நடுவில் தூரிகையால் ஒரே ஒரு பெயர்: கோஹரு.

பதில் பரிசு. சட்டை கொடுத்ததற்குப் பதில். அண்டை வீட்டுக்காரிக்கு, மீன் கடைக்காரிக்கு, தோருவின் பழைய வாத்தியாருக்கு எப்படி அனுப்புவார்களோ அப்படி எனக்கும். சொந்த வீட்டாருக்குப் பதில் பரிசு கிடையாது. சொந்த வீட்டாருக்கு யாராவது கைமாறு செய்வார்களா? வெளியாட்களுக்குத்தான் பீச். இத்தனை வருஷம் ஊரார் குழந்தைகளின் பெயரை இந்தத் தாளில் எழுதி எழுதிக் கொடுத்தவளுக்கு, என் பேத்தியின் பெயரை எழுதி அனுப்பியிருக்கிறார்கள். என் பேத்தி! அவள் அப்பாவின் அங்கியைத்தானே நான்— எனக்கு எதுக்குடி கைமாறு? நான் யாரு உனக்கு?

மேலே எழுதியதை அடிக்கப் பேனாவை எடுத்தேன். பிறகு, இருக்கட்டும் என்று விட்டேன்.

குடும்பப் பெயரைத் தேடினேன். இந்தத் தாளில் குழந்தையின் பெயரை மட்டும்தான் எழுதுவோம், குடும்பப் பெயர் வராது. இது என்னைவிட யாருக்குத் தெரியும்? இருந்தும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எழுத்து மிஹோவுடையது. கடைசிக் கோட்டை எப்போதும் போல அவசரமாக இழுத்திருக்கிறாள்.

கடிதம் இல்லை.

பெட்டியைத் திறக்காமல் அலமாரியில் வைத்தேன்.

மார்ச் 7

இன்று கடைக்கு விடுமுறை. அலமாரிக் கதவைத் திறக்கவில்லை.

மார்ச் 9

மொரியுச்சியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. தபால்காரர் சொல்லியிருக்கிறார். இந்த ஊரில் தபால்காரரும் மீன் கடையும் இருக்கும்போது செய்தித்தாள் எதற்கு வாங்குகிறேன்?

“பொட்டிய தெறந்து பாத்தீங்களா?”

“வெளியாளுக்கு வந்த பரிசு. அவசரமில்ல.”

“திங்கிற பண்டம். வீணாப் போயிடும்.”

“பிஸ்கட்டா இருந்தா வீணாப் போகாது.”

“தெறக்காமலே பிஸ்கட்டுன்னு எப்படித் தெரிஞ்சுது?”

குலுக்கிப் பார்த்திருந்தேன். அதை அவரிடம் சொல்வதா?

மாலையில் வீட்டுக்கு வந்து திறந்தேன். பிஸ்கட்தான். காஸ்டெல்லா அச்சும் அதற்கான பெரிய அடுப்பும் அவள் அம்மா வீட்டில் ஏது? எல்லாமே பீச். ரோஜா நிறம். கீழே அழுத்தமாகத் தொடங்கி, மேலே போகப் போகக் கரைந்து வெளுக்கிறது. ஐசிங்கில் அப்படிக் கரைப்பது எப்படியென்று எனக்குப் புரியவில்லை. ஈரம் காய்வதற்குள் செய்திருக்க வேண்டும், கையை எடுக்காமல். நான் பூசியதைவிட இரண்டு பங்கு சிவப்பு. தோரு பூசும் அளவு.

மேல் அடுக்கை எடுத்தேன். அடியில், தனியாக, மெல்லிய தாளில் சுற்றி இன்னொன்று.

வெள்ளைப் பீச். துளி சிவப்பு இல்லை. நடுக் கோடும் வெள்ளையிலேயே. இலை மட்டும் பச்சை, அதுவும் மங்கலாக. இலையில் நரம்புகூட வரைந்திருக்கிறாள். துக்க வருஷத்தில் மாடத்துக்கு ஆகும் நிறம்.

சுற்றியிருந்த தாளை இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒரு எழுத்தும் இல்லை. நான் சட்டையோடு எதையும் எழுதி வைக்காதது போலவே.

ஆக, நான் சொன்னதை அவள் கேட்டிருக்கிறாள். என் குச்சிகளைப் பார்த்துக்கொண்டு நின்றவள், கேட்டிருக்கிறாள். குழந்தைக்குச் சிவப்பு, அவனுக்கு வெள்ளை. ஒரே வருஷத்தை இரண்டாகப் பிரித்து ஒரே பெட்டியில் அடுக்கியிருக்கிறாள்.

அப்படியானால் மேலே அந்தத் தாள் எதற்கு? என்னை வெளியில் நிறுத்தவா? அல்லது நான்தான் வெளியாள் போலச் சட்டை அனுப்பினேன், அவள் முறைப்படி பதில் அனுப்பினாளா? முறை என்றால் முறைதானே. எனக்கும்தான்.

வெள்ளைப் பீச்சைத் தோருவுக்கு வைத்தேன். தூபம் ஏற்றினேன். தேயிலை டப்பாவிலிருந்த பழைய பீச்சையும் எடுத்துப் பார்த்தேன். நிறம் மங்கவேயில்லை. தின்றேன். தேயிலை வாசம் ஏறியிருந்தது. நன்றாகவே இருந்தது.

மார்ச் 10

கடிதம் எழுத உட்கார்ந்தேன். பிளம் பூக்கள் உதிர்ந்து, துறைமுகக் காற்றில் குளிர் குறைந்து, செர்ரி மொட்டுகள் இன்னும் இறுகி இருக்கும் இந்த நாளில் உங்கள் வீட்டில் அனைவரும் நலமா… ஒரு பக்கம் முழுக்கப் பருவநிலை. எழுத்து குறை சொல்ல முடியாதபடி இருந்தது. சிஸ்டர் மார்த்தா கையில் கொடுத்தால் தலை முதல் கால்வரை அடித்துவிட்டு, ஓரத்தில் எழுதியிருப்பார்: ‘உனக்கு என்ன வேண்டும்?’

கிழித்தேன்.

மார்ச் 11

இதை அனுப்பிவிட்டேன். படியிறங்கிப் போய், நானே தபால் பெட்டியில் போட்டேன். அனுப்பியது என்ன என்பதில் பிறகு யாரும் எதையும் சேர்க்கக் கூடாதென்று பிரதியை இங்கே எழுதி வைக்கிறேன்.

மிஹோவுக்கு,

பெட்டி வந்தது. வெள்ளைப் பீச்சைத் தோருவுக்கு வைத்தேன். மற்றவற்றை மொரியுச்சிக்கும் யாசுயோவுக்கும் கொடுத்தேன், நானும் சாப்பிட்டேன். மொரியுச்சி இரண்டு தின்றுவிட்டு, ‘இதுதான் பீச்’ என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

சட்டையோடு நான் ஒரு வார்த்தையும் வைக்கவில்லை. பெட்டியோடு நீயும் வைக்கவில்லை. இருவரில் ஒருவர் தொடங்க வேண்டும். மூத்தவள் நான்.

எனக்குப் பதில் பரிசு வேண்டாம். இனி அனுப்பாதே. நான் அந்தக் குழந்தைக்குப் பாட்டி.

பழைய பெயருக்கு நீ மாறப் போவதாகக் கேள்விப்பட்டேன். மாறுவதும் மாறாததும் உன் விருப்பம். அதற்கு என் சம்மதம் தேவையில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் முடிவு எதுவானாலும் உன்னிடமிருந்தே எனக்குத் தெரிய வேண்டும். மீன் கடை வழியாக வேண்டாம்.

மே பதினான்காம் தேதி தலைத்திவசம். அன்றோடு துக்கம் முடிகிறது. அப்போது பீச் பண்டிகை முடிந்து நாளாகியிருக்கும். இருந்தாலும் மறுநாள் கோஹருவுக்கு ஒரு பீச் காஸ்டெல்லா செய்யப் போகிறேன். பருவம் தப்பி எங்கள் கடையில் பீச் செய்ததில்லை, இது ஒன்றுதான். மாவு மொரியுச்சி. பாகு நான். சிவப்பை நீ வந்து பூசு. எனக்கு அது வரவில்லை.

கண்ணாடிப் பெட்டியில் கீழ்த்தட்டு அப்படியே இருக்கிறது. அங்கே வேறு எதையும் வைக்கவில்லை.

குழந்தைக்குச் சட்டை கையிடுக்கில் பிடிக்கிறதா? பிடித்தால் பிரித்துத் தைக்கலாம், உள்ளே துணி விட்டிருக்கிறேன்.

தலைத்திவசத்தன்று மாடத்தின் முன் உங்கள் இருவருக்கும் உட்காரத் திண்டு போடுவதா, வேண்டாமா என்று எனக்குத் தெரிய வேண்டும். போன் வேண்டாம். போனில் நான் முதலில் வைத்துவிடுவேன், உனக்கே தெரியும். வருகிறாயா, இல்லையா? எழுதி அனுப்பு.

இவநாகா நோபுகோ